சொல்வழி கேட்கிற பிள்ளை

பேனாட் எழுதின கடிதம் திரும்பி வந்ததாக மொன்றியல் தமிழருக்குள் ஒரு கதையும் இல்லை. முருங்கன் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்த ஆங்கிலம்தான். ஆனாலும் அகதி வழக்குக்கு ஒரு ஆதரவுக் கடிதம் வேண்டுமென்றால், ஞாயிறு பூசை முடிந்ததும் சனம் தேடுவது அவரைத்தான். கோடு போட்ட தாள், இடப்பக்கம் இரண்டு விரல் இடைவெளி, ஒவ்வொரு பந்திக்கும் இலக்கம். ஆள் யாராக இருந்தாலும் மூன்றாம் பந்தியில் நாலு வரி தப்பாமல் வரும். 'இவர் அமைதியானவர். சொல்வழி கேட்பவர். முன்னுக்கு நின்று எதையும் செய்யமாட்டார். ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாதவர்.' பதினேழு குடும்பங்கள் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் கரையேறியிருந்தன.

ஆனபடியால் 2006 ஆவணியில், மகன் நிஷானின் பனி ஹொக்கித் தெரிவுக்கான படிவம் வில்லரேப் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்தபோது, அவர் பேனையைத் திறந்தது கொஞ்சம் மிதப்போடுதான்.

நிஷானுக்குப் பதினைந்து வயது. ஏழு வயதில் பள்ளிக்கூட நண்பனோடு பூங்காவில் பனித்தரையில் இறங்கினவன், பிறகு ஏறவேயில்லை. வருடா வருடம் ஒரு பிரிவு மேலே போனான். இந்த முறை முயற்சிப்பது வட்டாரத்தின் உச்சப் பிரிவு. நாற்பது பேரைக் கூப்பிட்டு இரண்டு கிழமை பார்த்து, இருபது பேரை எடுப்பார்கள். அந்த இருபதுக்குள் நின்றால்தான் ஜூனியர் அணிகளின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். நிற்காதவன் சனிக்கிழமைகளில் ஆசைக்கு விளையாடலாம். கதை அவ்வளவுதான்.

படிவத்தின் கடைசிப் பக்கம் பெற்றோருக்கானது. மேலே பிரெஞ்சில் ஒரே ஒரு சொல்: கரக்தேர். கீழே பத்து வரிக்கு வெற்றிடம்.

பேனாட்டுக்கு அந்தச் சொல் பழகின சொல். பள்ளிக்கூடம் விட்டு விலகும்போது அதிபர் கையெழுத்து வைத்துத் தந்த கரக்டர் சேட்டிபிக்கற் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. நற்சான்றுப் பத்திரம். அதை எப்படி எழுதுவதென்று ஒருவரும் அவருக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

"இஞ்சருங்கோ, பத்து வரிக்குத்தானே இடம் விட்டிருக்கிறாங்கள்," என்றாள் மனைவி செலீன், மேசையில் கிடந்த இரண்டு முழுத் தாள்களைப் பார்த்து.

"பத்து வரியிலை ஒரு பிள்ளையை எழுதேலுமே?"

"எழுதினாப் பேந்து வாசிக்கிறவனுக்கும் பொறுமை வேணுமப்பா."

நிஷான் பால் குடிக்க வந்தவன் எட்டிப் பார்த்தான். "என்னைப் பற்றியா அப்பா? காட்டுங்கோவன்."

பேனாட் தாளைக் கவிழ்த்து வைத்தார். "வேண்டாம். பிள்ளைக்கு முன்னாலை பிள்ளையைப் புகழக் கூடாது."

"சரி," என்றான் அவன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

*

தெரிவு நடந்த இரண்டு கிழமையும் சென்ட் லோரன்ட் மருந்துக் களஞ்சியத்தில் வேலை முடிந்த கையோடு பேனாட் உள்ளகப் பனித்தரை இருந்த அரீனாவுக்குப் போய்விடுவார். வெளியே வெயில் எரிக்கும். உள்ளே குளிர்காலத்துக் கோட்டோடு மேல் படியில் இருப்பார். மடியில் ஒரு கொப்பி. மூன்று வருட ஆட்டமும் அதில் திகதி வாரியாக இருந்தது. அந்தக் கறுப்பு றப்பர் வட்டு மகனிடம் எத்தனை தரம் வந்தது, எத்தனை தரம் மற்றவனுக்குக் கொடுத்தான், எத்தனை தரம் தானே வலைக்கு அடித்தான். கடைசி நிரலில் அநேகமாகச் சுழியம்தான். அந்தச் சுழியங்களைப் பார்க்கும்போதெல்லாம் பேனாட்டுக்கு நெஞ்சு நிறையும். துளி சுயநலம் இல்லாத பிள்ளை.

ஒருநாள் பக்கத்து வீட்டு மகேந்திரராசாவும் பார்க்க வந்தார்.

"வழுக்காமல் நடக்கவே நாங்கள் பதினைஞ்சு வருசமாப் பழகுறம். நீ பிள்ளையை வழுக்கப் பழக்கிறாய்," என்றார் அவர், கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு.

"பாத்துக்கொண்டிரும். தெரிவு செய்து போடுவாங்கள்."

"உன்ர பெடியன் ஆரப்பா? எல்லாம் ஒரே தலைச்சட்டிதானே."

"பதினாலாம் நம்பர்."

அந்த நேரம் பதினாலாம் நம்பர் எல்லாரையும் கடந்து வலைக்கு நேரே வந்திருந்தான். காப்பாளன் ஒரு பக்கம் சரிந்துவிட்டான். மற்றப் பக்கம் கதவு திறந்து கிடந்த மாதிரி. நிஷான் தலையை நிமிர்த்தி, பின்னால் வந்த இன்னொருவனைத் தேடி, வட்டை அவனுக்குத் தள்ளினான். அவன் அடித்தது பலகையில் மோதிப் போனது.

"அட, அவனே அடிச்சிருக்கலாமே!" மகேந்திரராசா எழும்பியே விட்டார்.

"அதுதான் எங்கடை வளர்ப்பு," என்று சொல்லிக்கொண்டு பேனாட் கொப்பியில் குறித்தார். கொடுத்தது, ஒன்று.

ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் தெலீல் படியேறி வந்தார். நரைத்த மீசை, கழுத்தில் ஊதுகுழல், கையில் அட்டையில் செருகின தாள். நல்ல மனிசன். பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில், தாளைத் திருப்பிக் காட்டியே கதைத்தார். ஐந்துக்குப் புள்ளி. சறுக்கல்: போன வருட இலைதுளிர்காலம் மூன்று, பனிக்காலம் நாலு, இப்போது நாலரை. அடி: இரண்டரையில் இருந்து நாலு. ஆட்டத்தை வாசிக்கிறது: நாலரை.

"நாற்பது பேரிலையும் கூட வளர்ந்தவன் உங்கடை மகன்தான்," என்றார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார். கரக்தேர். அதற்கு நேரே புள்ளி இல்லை, ஒரு கேள்விக்குறி. "இது மட்டும் எனக்கு விளங்கேல்லை. இவனும் இன்னொரு பெடியனும் கடைசி இடத்துக்கு நிக்கிறாங்கள். இந்தக் கேள்விக்குறிதான் முடிவு."

பேனாட்டுக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இந்த மனிசன் மண்டையை உடைக்கிறார்?

"ஐயா, நான் ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து மூன்றாம் பந்தியை வாசியுங்கள். எல்லாம் அதில் இருக்கிறது."

"வாசிக்கிறன்," என்றார் தெலீல். கை கொடுத்துவிட்டுப் போனார்.

*

முடிவு சொன்னது வெள்ளிக்கிழமை பின்னேரம். அரீனா வாசலில் ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு மண்ணிற உறை. மழை கொட்டியது. காருக்குள் ஏறி இருந்துதான் நிஷான் உறையைக் கிழித்தான். பிரெஞ்சில் இருந்தது. பேனாட்டுக்குக் கடையில் சாமான் வாங்குகிற பிரெஞ்சுதான்.

"தமிழிலை சொல்லு."

"'சறுக்கலில் பெரிய முன்னேற்றம். அடியிலும். ஆட்டத்தை நன்றாக வாசிக்கிறான்...'" நிஷான் வரியை விரலால் பிடித்துப் பிடித்துச் சொன்னான். "'கரக்தேர், இரண்டு. இறுக்கமான நேரத்தில் தானாக ஒரு முடிவு எடுப்பானா என்று எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. தகப்பனின் கடிதம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது. இந்த முறை எடுக்க முடியாததற்கு வருந்துகிறோம்.'"

விரல் அந்த இடத்திலேயே நின்றது. பிறகு அவன் உறைக்குள் கையை விட்டு மிச்சத்தை எடுத்தான். கோடு போட்ட தாள் இரண்டு. மூன்றாம் பந்தியில் நாலு வரிக்குக் கீழும் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தது. 'சொல்வழி கேட்பவன்' என்ற இடத்தில் இரண்டு கோடு.

பையன் முழுவதையும் வாசித்தான். கார்க் கண்ணாடி ஆவி பிடித்துப் போனது.

"அப்பா," என்றான் மெதுவாக, "கரக்தேர் எண்டா நல்ல பிள்ளையோ எண்டு கேக்கிறதில்லை."

"அப்ப?"

"ரோசம் இருக்கோ எண்டு கேக்கிறது. விட்டுக்குடுக்காமல் நிப்பானோ எண்டு."

பேனாட் ஸ்டியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். காரை இன்னும் ஸ்டார்ட் செய்யவேயில்லை.

"உனக்குத் தெரியும்தானே. ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எழுதினதைக் காட்டேல்லையே."

"கேட்டிருக்கலாமே!"

"கேட்டனான். வேண்டாம் எண்டியள்."

அதில் குற்றம் சாட்டும் தொனி ஒன்றும் இல்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்கிற மாதிரித்தான் சொன்னான். பேனாட்டுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. பின் சீற்றில் கிடந்த கொப்பி நினைவுக்கு வந்தது. கடைசி நிரலில் வரிசை வரிசையாகச் சுழியம். மூன்று வருடமாகத் தன் கையாலேயே குறித்து வந்திருக்கிறார். அந்தக் கிழவன் இரண்டு கிழமையில் கண்டதை.

மழைக்குள்ளால் தெலீல் வாசலில் தெரிந்தார். குடையில்லாமல், தடிகள் நிறைந்த பையை இழுத்துக்கொண்டு தன் வாகனத்தை நோக்கி வந்தார்.

"இறங்கு," என்றார் பேனாட்.

"என்னப்பா?"

"இறங்கு எண்டுறன்! அந்தாள் போறதுக்கு முன்னம் போய்க் கதை. என்ர தேப்பனுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவர் எழுதினது பிழை எண்டு சொல்லு. நான் அப்பிடியான ஆள் இல்லை எண்டு சொல்லு. கத்து. பையை இழுத்து எறி. உனக்குக் கோவமே வராதோடா? உன்ர இடத்தைக் கொண்டு போய் இன்னொருத்தனுக்குக் குடுத்திட்டாங்கள்!"

தன் மகனிடம் இப்படி ஒரு குரலில் அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. நிஷான் அவரைப் பார்த்தான். சீற் பெல்ற்றைக் கழற்றினான். கதவுப் பிடியில் கையை வைத்தான்.

"சரி அப்பா. போறன்," என்றான். பிறகு திரும்பி, ஒரு பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவிக்க நினைக்கிறவன் போலக் கேட்டான். "எப்பிடிச் சொல்ல வேணும்? நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. அப்பிடியே சொல்லுறன்."

பேனாட் வாயைத் திறந்தார். பதினேழு குடும்பத்துக்கு வரி கண்டுபிடித்த மனிசனுக்கு அந்த நேரம் நாலே நாலு வரிதான் நாக்கில் வந்து நின்றது. நாலும் சிவப்புக் கோடு போட்டவை.

வெளியே தெலீல் பையைத் தூக்கிப் பின்னுக்குப் போட்டார். மூடியை அடித்துச் சாத்தினார். வாகனத்தின் சிவப்பு விளக்குகள் ஒருதரம் எரிந்து, தண்ணீருக்குள் கரைந்து, தெருவில் திரும்பின.

கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்காமல், தகப்பன் சொல்லட்டும் என்று நிஷான் காத்துக்கொண்டிருந்தான்.