நாற்பது மரத்து இலைகள்

மூணு வருஷமாக லோகநாயகி அந்த ஆளைக் கறுவிக்கொண்டிருந்தாள். சும்மா இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்பத்தூரில் மரங்களை ஆராயும் அந்தத் தனியார் கூடத்துக்கு டாக்டர் ரகுநாதன்தான் தலைவர். மலை மரங்களின் இலையை அரைத்து, டிஎன்ஏவைப் பிரித்து, மரத்துக்கு மரம் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பது வேலை. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து வருகிற லோகநாயகி, பன்னிரண்டு மலை ஏறி, அட்டைக்கடி பட்டு, முன்னூறு மரத்து இலை கொண்டுவந்தாள். தொண்ணூற்றைந்தில் கட்டுரை வெளியானது. அதில் ஒரே பேர்தான், ரகுநாதன். கடைசிப் பக்கத்து நன்றியில்கூட இவள் பேர் இல்லை. கேட்டதற்கு, "சம்பளம் வாங்கினியா இல்லையா?" என்றார். சொல்லுங்கள், யாருக்குத்தான் வயிறு எரியாது? அன்று பாத்ரூமில் நின்று அழுதவள், முகம் கழுவிவிட்டு ஒரு முடிவெடுத்தாள். இந்த ஆள் மூக்கு நாலு பேர் முன்னால் உடையணும். அதுவரை வேலையை விடுவதில்லை.

தொண்ணூற்றெட்டு ஆடியில் வாய்த்தது. புது ஆராய்ச்சிக்குத் தலைவரே இலை பறிக்கணும் என்று பணம் கொடுக்கிற கமிட்டி சொல்லிவிட்டது. ஜீப்பில் போனவர் மூன்றாம் நாளே திரும்பி, நாற்பது உறைகளை மேஜையில் வைத்தார்.

"நாலு மலை, நாற்பது மரம். திங்கக்கிழமை கமிட்டி வருது, அதுக்குள்ள ஓட்டிடு."

மூன்றே நாளில் நாலு மலையா? யாருக்குக் காது குத்துகிறார்?

ஓட்டினாள். ஜெல் என்கிற பசைத் தகட்டின் குழிகளில் டிஎன்ஏவை ஊற்றி மின்சாரம் விட்டால் மரத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்குள் பட்டை பட்டையாகக் கோடுகள். அண்ணன் தம்பி மரமானாலும் எங்காவது ஒரு கோடு மாறும். இங்கே நாற்பது வரிசையிலும் ஒன்றுகூட மாறவில்லை. டிஎன்ஏவின் வேறு இடத்தைக் காட்டுகிற மார்க்கர் போட்டாள், பிறகு இன்னொன்று. அச்சு அசல் அதே.

அட்டெண்டர் கஜபதி, வானகரத்துக்காரர், மலைக்குக் கூடவே போனவர், தலையைச் சொறிந்தார். "இன்னாம்மா அப்டி பாக்கறே? எல்லாம் ஒரே மரம்தான். ஐயாவுக்கு அட்டைன்னா உசுரே பூடும். கெஸ்ட் அவுசு வாசல்ல ஒரு மரம் கீது, அதுலயே நாப்பதையும் ரொப்பச் சொன்னாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா, வேலை பூடும்."

"உங்க பேரு வராது அண்ணாத்தே."

இலையே பேசும்போது ஆள் எதற்கு? வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனால் பழியைத் தூக்கி இவள் தலையில் போடுவாரே, அது நிச்சயம். அதனால் நாற்பதையும் மறுபடி ஓட்டி, அதே ஜெல்லில் கடைசி இரண்டு குழிகளில், தான் முன்பு பறித்த இரண்டு மரத்தின் டிஎன்ஏவை ஊற்றினாள். படமெடுத்து ஸ்லைடாக்கி அவர் மேஜையில் வைத்தாள். அவர் பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தார், இன்றைக்குப் பார்க்க?

திங்கட்கிழமை. கமிட்டித் தலைவி பத்மா மேடம் முன்னால் ரகுநாதன் அரை மணி நேரம் அளந்துவிட்டார். "நாலு மலைக்கும் வேறுபாடு பளிச்சுனு தெரியுது." ஸ்லைடு விழுந்தது.

"எங்கே தெரியுது டாக்டர்? நாற்பதும் ஒரே மரம் மாதிரி இருக்கே?" என்றார் பத்மா.

ரகுநாதன் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. சட்டென்று கையை நீட்டினார். "இந்தப் பொண்ணு ஒரே சாம்பிளை எல்லாக் குழியிலயும் ஊத்தியிருக்கா. இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்."

லோகநாயகி எழுந்தாள். 

"சார் கையால நம்பர் போட்ட உறையில மிச்ச இலை இருக்கு மேடம். எந்த லேப்ல வேணா ஓட்டிப் பாருங்க. கடைசி ரெண்டு வரிசை மட்டும் பழைய மரம். அது ரெண்டும் வேற வேறயா விழுந்திருக்கு பாருங்க. நான் ஊத்தினது சரிதான்."

"அவை எந்த மரங்கள்?"

"சாரையே கேளுங்க மேடம். அவரோட கட்டுரையில முதல் படமே இந்த ரெண்டும்தான். அவர் ஒருத்தரே செஞ்சதா போட்டிருக்காரே."

பத்மா கோப்பிலிருந்த கட்டுரைப் பிரதியைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, ரகுநாதன் பக்கம் திரும்பினார். அறையே அவரைப் பார்த்தது. அவர் கோடுகளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மெல்ல லோகநாயகியிடம் குனிந்து, இந்த மூணு வருஷத்தில் ஒருநாளும் பேசாத குரலில் கேட்டார்.

"எந்த மலைம்மா இது?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் பேர் போட்ட கட்டுரை, அவரே சொல்லட்டும்.