பார்க்கில் போடாதே

எங்கள் வீட்டு வண்டியின் சேசிஸ் எண்ணில் கடைசி ஆறு இலக்கங்கள் எனக்கு மனப்பாடம். திங்கட்கிழமை காலை கம்பெனியிலிருந்து வந்த பட்டியலைத் திறந்ததுமே அது கண்ணில் பட்டுவிட்டது.

நான் ஷோரூமின் பின்பக்கம், சர்வீஸ் கவுண்டரில் வேலை செய்கிறேன். புதிதாக விட்ட மின்சாரக் கிராஸ்ஓவர் காரைக் கம்பெனி திரும்ப அழைத்திருந்தது. பேட்டரிக்கு அடியில் ஓடும் குளிர்நீர்க் குழாயில் ஓர் இணைப்பு கசிகிறது. நீர் உள்ளே இறங்கினால் பேட்டரியின் ஒரு செல் சூடாகும். ஒன்று பற்றினால் அடுத்தது பற்றும். மூன்று வண்டிகள் நிறுத்திய இடத்திலேயே எரிந்துபோயிருந்தன. மாற்று இணைப்பு வர ஒரு மாதம் ஆகும். அதுவரை நெட் வழியாக ஓர் அப்டேட் போகும். அது ஏறிவிட்டால் சார்ஜ் அறுபது சதவீதத்தைத் தாண்டாது. டிக்கியில் இருக்கும் பிளக் பாயிண்ட் வேலை செய்யாது. அதிலிருந்து மணிக்கணக்கில் மின்சாரம் எடுத்தால் கசிவு மோசமாகிறதாம்.

அந்தப் பிளக் பாயிண்டை நம்பித்தான் அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை புயலில் மின்கம்பங்கள் சாய்ந்ததிலிருந்து எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. வீடு இரண்டாவது மாடி. ஆக்சிஜன் மெஷினின் ஒயரை ஜன்னல் வழியாக இறக்கி, கீழே நின்ற வண்டியில் அக்கா செருகியிருந்தாள். மெஷின் ஓடினால் அப்பாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு தொண்ணூறு. நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் எண்பது. அதற்குக் கீழே எவ்வளவு போகும் என்று நாங்கள் காத்திருந்து பார்த்ததில்லை. சிலிண்டர் கடையில் எங்களுக்கு முன்னால் முப்பது பேர். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது, "மெஷின் இருக்கிறவங்க வீட்டிலயே இருங்க, இங்க தரையில கூட இடமில்ல" என்றார்கள்.

எங்கள் எண்ணின் மேல் விரல் வைத்தேன். 'உதிரிபாகம் வரவில்லை' என்று ஒரு குறி உண்டு. அதைப் போட்டால் எல்லா வேலையும் நிறுத்தி வைக்கப்படும்; மெசேஜ், அப்டேட் எதுவும் போகாது. போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குத் தையல் யூனிட் நடத்தும் ஓர் அம்மா கவுண்டருக்கு வந்தார்.

"என் தம்பி பொண்டாட்டிக்கு மெசேஜ் வந்துடுச்சு. ரெண்டு பேரும் ஒரே வண்டி. எனக்கு மட்டும் வரல. என் மூஞ்சி கம்பெனிக்குப் பிடிக்கலயா?"

எண்ணைத் தட்டினேன். உதிரிபாகம் வரவில்லை. குறி போட்டவர் பெயர், என் பெயர்.

கம்பெனியிலிருந்து வண்டிகள் எட்டெட்டாக டிரெய்லரில் வரும். எங்கள் பட்டியலில் ஒரு டிரெய்லர் ஒரு கட்டு. உதிரிபாகம் கட்டுக்கென்று மொத்தமாக வருவதால், குறியும் கட்டுக்குத்தான் விழும். எட்டு மாதமாக இதே பட்டியலில் வேலை செய்கிறேன். எனக்குத் தெரியாதது இல்லை. நேற்று நான் ஓர் எண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

"வண்டிய எங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டேன்.

"சத்தமா கேளும்மா. மிஷின் சத்தத்துல எனக்குக் காது பாதி போயிடுச்சு."

மறுபடி கேட்டேன்.

"யூனிட்டுக்கு அடியில. மேல பதினாலு பொண்ணுங்க தைக்குறாங்க."

வெளியே, சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். அவர் போனதும் மீதி ஆறு பேருக்கும் போன் செய்தேன். நான்கு பேர் எடுத்தார்கள். இரண்டு பேர் எடுக்கவில்லை. அதில் ஒரு முகவரி அடுக்குமாடி, வண்டி நிற்பது அடித்தளத்தில். கட்டுக்குள்ளிருந்து ஒரு வண்டியை மட்டும் பிரிக்க முடியுமா என்று தலைமை அலுவலகத்தைக் கேட்டேன். எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் செய்யலாம் என்றார்கள்.

மேனேஜர் அறைக்குப் போனேன். அவரை எல்லோரும் 'பெட்ரோல்' என்றுதான் சொல்வோம். மின்சார வண்டி விற்கிற கடைக்குப் புகை கக்கிக்கொண்டு வருகிற ஒரே ஆள்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களா சார்?"

"விட்டிருக்க மாட்டேன்." கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "சிலிண்டருக்கு நாலு பேரைக் கேட்டிருப்பேன். நீ வாயத் திறந்தாத்தானே தெரியும்? குறிய எடுத்தா எவ்வளவு நேரத்துல வண்டிக்குப் போகும்?"

"கால் மணி நேரம் சார்."

"ஓடிட்டிருக்கிற வண்டிக்கு?"

"ஓடுறப்ப ஏறாது. நிறுத்தி, கியரைப் பார்க்ல போட்ட உடனே ஏறும்."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

"சார், ஒரு மணி நேரம் மட்டும்."

அவர் அந்த அடுக்குமாடி முகவரியை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் மெதுவாகப் படித்தார். "எத்தனை குடும்பம் இருக்கோ. எடுத்துடும்மா. நீயே எடு."

எடுத்தேன். பதினொன்று நாற்பது. வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அப்பாவ நாற்காலியோட கீழ இறக்கு. மெஷின் பின் சீட்டுல. டிக்கி பிளக் கால் மணி நேரத்துல செத்துடும். வண்டி ஓடிட்டே இருந்தா சாகாது. டிரைவ்ல போட்டுட்டு பிரேக்க மிதிச்சுக்கோ, பார்க்ல மட்டும் போடாதே. நேரா ஆஸ்பத்திரி."

"என்னடி உளறுறே?"

முழுவதும் சொன்னேன்.

"பத்திக்கிற வண்டின்னு தெரிஞ்சும் அப்பா ஜன்னலுக்குக் கீழ நிக்க வச்சிட்டு, நீ பாட்டுக்கு டிபன் பாக்ஸ் தூக்கிட்டு வேலைக்குப் போயிருக்கே."

"ஆமா."

"வந்து பேசிக்கிறேன்."

போனை வைக்கவில்லை. கீழ் வீட்டுக்காரரும் அவர் மச்சானும் படியேறி வரும் சத்தம். "தலைப்பக்கம் நீ பிடி மாப்ளே." மெஷினின் உறுமல் நின்றது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம். இரண்டு. திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. மூன்று. அப்பாவின் இருமல் மட்டும் கேட்டது. நான்கரை நிமிடத்தில் உறுமல் மறுபடி வந்தது.

"எழுபத்தெட்டு," என்றாள் அக்கா. பிறகு, "எண்பத்தொண்ணு. கிளம்பிட்டேன்."

சிக்னலில் நின்றால் பார்க்கில் போடுவது அவள் பழக்கம். ஒவ்வொரு சிக்னலிலும் நான், "கைய எடு" என்றேன்.

"எடுத்துட்டேன், கத்தாதே."

நான் கத்தவில்லை. என்னால் முடிந்த சத்தமே அவ்வளவுதான்.

பின் சீட்டிலிருந்து அப்பா விட்டுவிட்டுச் சொன்னார். "இவ... ஓட்டுற... அழகுக்கு... மெஷின் எதுக்கு."

"பேசாதீங்கப்பா," என்றோம் இருவரும்.

மெக்கானிக் ஒருவர் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டார். நான் போனபோது ஆஸ்பத்திரிச் சரிவுப் பாதையில் எங்கள் வண்டி நின்றிருந்தது. காவலாளி ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார். "வண்டிய ஆஃப் பண்ணிட்டு உள்ள போய்க் கேளுங்கம்மா." அக்கா இறங்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் அந்த வண்டி தானாகவே பார்க்குக்குப் போய்விடும். வழியில் நான்தான் சொல்லியிருந்தேன். பிரேக்கில் இருந்த காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அப்பாவின் உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அளவு எண்பத்து நான்கு. வண்டியில் சார்ஜ் பதினொரு சதவீதம்.

"போடி உள்ள," என்றாள்.

உள்ளே தரை முழுக்க ஆட்கள். நர்ஸ் ஒருவர் குனிந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். "சிஸ்டர்" என்றேன். அவர் அடுத்த ஆளிடம் போனார். பின்னாலேயே போய் மறுபடி சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் முறை அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"கைய எடும்மா. எந்த பேஷன்ட்?"

"வெளிய, வண்டியில."

"வெளிய இருக்கிறவங்க வெயிட் பண்ணணும்."

"முடியாது சிஸ்டர். அவர் மெஷின் வண்டி பேட்டரில ஓடுது. பேட்டரி தீரப் போகுது. வண்டிய நிறுத்தினாலும் மெஷின் நின்னுடும். நான்தான் அப்படிப் பண்ணினேன். அவர் எங்கப்பா."

கையை எடுக்கவில்லை. அந்த அறையில் எத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள் என்று தெரியாது. மறுபடியும் அதையே சொன்னேன், இன்னும் சத்தமாக. மறுபடியும்.

அவர் சுவரோரம் இருந்த சிலிண்டரின் அளவுமானியைக் குனிந்து பார்த்தார். பிறகு அதன் தள்ளுவண்டியை என் பக்கம் திருப்பினார். "தள்ளு."

சரிவில் அது என்னை இழுத்துக்கொண்டு போனது. நர்ஸ் பின் கதவைத் திறந்து, ஒரு குழாயை எடுத்து இன்னொன்றை மாட்டினார். எண்பத்து மூன்று. எண்பத்து மூன்று. எண்பத்தாறு.

"இது ஒரு மணி நேரம் வரும்," என்றார். "அதுக்கப்புறம் எனக்கும் தெரியாது. பெட் காலியானா கூப்பிடுறேன்."

"யாரைக் கேக்கணும் சிஸ்டர்?"

"என்னையே கேளு. விடாம கேளு."

அவர் போய்விட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குழாயை ஒரு விரலால் பிடித்திருந்தார். அக்கா முன்னால் பார்த்தபடி பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"காலை எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து மெஷின் மறுபடி தேவைப்படலாம்.

"இப்போ வேண்டாம்க்கா," என்றேன். சரிவில் ஏறி உள்ளே ஓடினேன்.