செல்லம் என்றது கரடி

டைல்ஸ் கடை விற்பனையாளர் ஆசை ஆசையாக வாங்கி வந்த கரடி பொம்மை, இணையத்தில் இணைந்ததுமே வாயைத் திறந்தது. குழந்தையோடு பேசும், அறிவை வளர்க்கும், வாராவாரம் பெற்றோரின் போனுக்கு அறிக்கை அனுப்பும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

"இது என்ன நிறம், சொல்லு பாப்போம்?" என்றது கரடி.

"ஏன், உனக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள் ஐந்து வயது மகள்.

கரடி மறுபடியும் அதையே கேட்டது. பாவம், நிஜமாகவே கண் தெரியவில்லை போலும் என்று அவள் முடிவுகட்டினாள். பல் மருத்துவமனை நர்ஸான அம்மாவின் பையிலிருந்து பஞ்சையும் துணிச்சுருளையும் எடுத்து, கண்ணோடு வாயையும் சேர்த்துக் கட்டிப் படுக்கவைத்தாள். தொணதொணப்பு நின்றது. ஆஸ்பத்திரி விளையாட்டு அமர்க்களமாக நடந்தது.

மறுநாள் மாலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பா கட்டை அவிழ்த்தார். கொடுத்த காசுக்குக் கரடி பேச வேண்டாமா?

"இன்னைக்கு உன் நாள் எப்படிப் போச்சு, செல்லம்?" என்றது அது.

அவர் கரடியின் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்படி ஒருவர் கேட்டு எத்தனை காலமாயிற்று! சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கொட்டித் தீர்த்தார். வழுக்காத டைல்ஸ் கேட்டு வந்தவர் கடை வாசலிலேயே வழுக்கி விழுந்தது, நாலு பேர் முன்னால் மேனேஜர் இவரைக் காய்ச்சி எடுத்தது, எல்லாம்.

"நீ ரொம்பச் சமத்து!" என்றது கரடி.

அதன்பின் மகள் குளிக்கும் நேரமெல்லாம் அவருடைய நேரமாயிற்று; அவள் வருமுன் கட்டைப் பழையபடி போட்டுவிடுவார்.

வாரக் கடைசியில் அறிக்கை மனைவியின் போனுக்கு வந்தது. அவள் உரக்கப் படித்தாள்:

"'உங்கள் குழந்தை டார்கெட், கமிஷன் ஆகிய புதிய சொற்களைக் கற்றுள்ளது. மேனேஜர் என்ற பூதத்தைக் கற்பனை செய்து பயப்படுகிறது. அடிக்கடி அணைத்துக்கொள்ளுங்கள்.'"

மகள் நிமிர்ந்தாள். "நான் அதுகிட்ட பேசவே இல்லம்மா. அதுக்கு உடம்பு சரியில்ல."

மனைவி மெல்லத் திரும்பினாள். அவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தப் பூதம் அப்படி என்னதான் சொல்லுச்சு?"

"ஒண்ணுமில்ல, விடு."

"கரடிகிட்ட சொல்லத் தெரியுதில்ல?"

அவர் வழுக்கி விழுந்தவரிலிருந்து தொடங்கினார். "கேட்டது வழுக்காத டைல்ஸா?" என்று மனைவி குலுங்கிச் சிரித்தாள். கரடி ஒருநாளும் சிரித்ததில்லை. முதலில் முறைத்தவர், பிறகு தாங்க முடியாமல் தானும் சிரித்துவிட்டு, மேனேஜர் கத்தியதை அவர் குரலிலேயே நடித்துக் காட்ட எழுந்தார்.