துரு தட்டுகிறவர்

பதினொன்றேகாலுக்கு இஞ்சினை ஓட விட்டார்கள். அந்த வெளிநாட்டுப் போர்க்கப்பல் இன்னும் எண்ணூர்ப் பக்கத்துப் பழுதுபார்க்கும் தளத்தில்தான் கட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டுக்குப் புறப்பட வேண்டும் என்றார் கேப்டன். அவருடைய நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது.

ரமாபாய் கையெழுத்துப் போடாமல் கப்பல் நகராது. வியாசர்பாடியிலிருந்து பதினாறு வருஷமாக வந்துபோகும் ஃபிட்டர் அவள்.

கேப்டன் புதியவர். அங்கே ஆட்சி மாறியதும், பழைய கட்சிக்கு வேண்டியவர்கள் என்று கப்பலின் அதிகாரிகள் எல்லாரையும் சாதாரண மாலுமிகளாகப் பதவி இறக்கிவிட்டார்களாம். மொழிபெயர்க்க வந்த ராயபுரத்து ஐரீன் முதல் நாளே சொல்லியிருந்தாள். புதியவர்களுக்குக் கப்பலைவிடக் கட்சி நன்றாகத் தெரியும் என்றும் சொன்னாள்.

ரமாபாய் வேறொன்றைக் கவனித்திருந்தாள். கேப்டன் உத்தரவு போட்டதும் மாலுமிகளின் கண்கள் இஞ்சின் அறையின் மூலைக்குப் போய் வரும். அங்கே ஒரு நரைத்த ஆள் சுத்தியலால் துரு தட்டிக்கொண்டிருப்பார். தட்டுவது நிற்காவிட்டால் உத்தரவு நடக்கும்; நின்றால் நடக்காது.

இன்று இஞ்சின் ஓடியதும் சுத்தியல் நின்றது.

போர்மேன் டில்லிபாபு, கப்பல் தயார் என்று கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை நீட்டினார்.

“போடு ரமா. நம்ம வேலை புரொப்பெல்லரு. அது சோக்கா கீது. அவங்க இஞ்சினு அவங்க பாடு.”

“நடுக்கடல்ல நின்னுகினா குண்டு வந்து வுழும் மாமு. நாப்பது பேரு கீறாங்கோ.”

அவளிடம் ஒரு நீளத் திருப்புளி உண்டு. நுனியை, ஷாஃப்ட் தண்டைத் தாங்கும் பேரிங் மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால் உள்ளே நடப்பது கேட்கும். அதை அவள் யாருக்கும் தந்ததில்லை. இப்போது ஏதோ உரசுவது கேட்டது. எந்த பேரிங் என்று பிடிபடவில்லை.

கேப்டனைத் தாண்டிப் போய் நரைத்தவரிடம் திருப்புளியை நீட்டினாள்.

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் பேரிங். இரண்டாவது. மூன்றாவதில் வெகுநேரம் நின்றார். மூன்று விரல் காட்டினார்.

நிறுத்தச் சொல்லி ரமாபாய் கையசைத்தாள். ஒரு மாலுமி கேப்டனைப் பார்க்காமலே நிறுத்தினான். அவள் மூன்றாவது பேரிங்கின் மூடியைக் கழற்றினாள். உள்ளே பூசியிருந்த உலோகம் உருகி ஷாஃப்ட்டில் அப்பியிருந்தது. கடலில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது.

அவர் திருப்புளியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். நிமிர்ந்து நின்றார். அந்த இடத்தில் அவர் ஒருவர்தான் அதிகாரி போல இருந்தார்.

காகிதத்தில் ‘தயார் இல்லை’ என்று எழுதி ரமாபாய் கையெழுத்துப் போட்டாள். அத்தனை பெரிதாக அவள் போட்டதே இல்லை.

கேப்டன் மாலுமிகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் ஐரீனிடம் ஏதோ கேட்டார். அவள் குரலைத் தாழ்த்தி அதைத் தமிழில் சொன்னாள்.

“ரமா, இந்த ஆளக் கேக்கணும்னு உனக்கு யாரு காட்டுனதுன்னு கேக்குறாரு.”