தூங்குமூஞ்சியின் ஹார்ன்

கட்டிலுக்கு அடியில் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். ஒற்றைச் செருப்பு வந்தது, உடைந்த மேசை விசிறியின் இறக்கை வந்தது, பெட்டி மட்டும் வரவில்லை. முன்னறையில் கணவரைக் கிடத்தியிருக்கிறார்கள், வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கிறது, இவள் இங்கே தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர்கள் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். காலையிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார வைத்தால் எழுந்து அடுப்படிக்குப் போகிறாள், அடுப்படியில் தண்ணீர் கொடுத்தால் டம்ளரோடு மாடிப்படி ஏறுகிறாள்.

"என்னம்மா தேடறே?" மகள் கதவருகே வந்து நின்றாள்.

"பெட்டி."

"ஹார்ன் பெட்டியா? ஹார்னை எடுத்து அப்பா தலைமாட்டுல வெச்சாச்சும்மா. வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. நல்லா பளபளன்னு துடைச்சுதான் வெச்சிருக்கேன்."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"யாரைக் கேக்கணும்? அப்பாவோடதுதானே?"

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டக்கூட இல்லாமல் முன்னறைக்கு நடந்தாள்.

மனுஷன் சவப்பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அதில்தான் சங்கடமே. டிவி தொடரில் அவருக்குத் தூங்குவதுதான் வேலை. அலுவலக நாற்காலியில் தூங்குவார், முடிவெட்டும் கடையில் தூங்குவார், கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்றபடியே தூங்குவார். தூங்குமூஞ்சி என்றால் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இப்போது மாலையோடு வந்து நிற்கிறவர்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள், உதடு அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது.

"தட்டினா 'இன்னும் அஞ்சு நிமிஷம்'னு சொல்லிடுவாரு போல" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி முணுமுணுக்க, இன்னொருத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. கேட்டிருந்தால் அவரே முதலில் சிரித்திருப்பார். பொறுக்க முடியாதது தலைமாட்டில் இருந்தது. சிவப்புத் துணி விரித்த முக்காலியில் ஹார்ன் உட்கார்ந்திருந்தது, சுருட்டி வளைத்த பித்தளை ஊதுகுழல். அதன் அகன்ற வாயில் யாரோ ரோஜாவைச் செருகி வைத்திருந்தார்கள்.

"பூந்தொட்டியா இது?" என்று பூவை எல்லாம் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். சுவரில் பெரிய பேனர் வேறு. அவர் ஹார்னோடு நிற்கிற பத்திரிகைப் படம். அச்சுக் கடைக்காரன் இடவசதிக்காகப் படத்தைத் திருப்பிப் போட்டிருந்தான். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருந்தது. இடது கையால் அழுத்த வேண்டிய பொத்தான்களை வலது கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார். இத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை.

"அம்மா, மனசைத் தேத்திக்கங்க." கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் அருகில் வந்தார். அருங்காட்சியகத்து அதிகாரி. "சரித்திரத்துல ஐயாவுக்கு ஒரு இடம் இருக்கும்மா. பிரெஞ்சு ஹார்ன் வாசிச்ச பிரபலங்கள்னு ஒரு கண்ணாடி அலமாரியே வைக்கிறோம். ஒரு குத்துச்சண்டை வீரர், ஒரு முன்னாள் அமைச்சர், ஒரு விண்வெளி வீரர். நாலாவது நம்ம ஐயா. வேற துறையில பேர் வாங்கினவங்க, ஒரு காலத்துல ஹார்ன் ஊதியிருக்காங்கன்னு சொன்னா ஜனங்க ஆச்சரியப்படுவாங்க இல்லியா?"

"அதுக்கு?"

"ஐயாவே போன்ல சொல்லிட்டாரும்மா. 'நான் போனதும் வந்து என் ஹார்னை எடுத்துக்கங்க'ன்னு. வண்டி வெளிய நிக்குது. அவரைத் தூக்கினதும் நாங்களும் கிளம்பிடுவோம். அவசரம் ஒண்ணும் இல்ல."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அடப்பாவி மனுஷா. ஆஸ்பத்திரியில் 'அந்தப் பெட்டியைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று ஆரம்பித்தவர், 'என்ன, சொல்லு' என்று இவள் குனிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று இவளும் போர்வையை இழுத்து விட்டுவிட்டு வந்தாள். தூக்கத்தை நடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கே மறந்து போயிற்று.

ஹார்ன் அவளுடையது. நகரத்து ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் ஹார்ன் அவள். அவர் அவளுக்கு உதவி ஹார்ன். அப்படி ஒரு வேலை உண்டு என்பதே வெளியில் பலருக்குத் தெரியாது. ஹார்ன் என்பது உதட்டைத் தின்கிற வாத்தியம். அதனால் முதல் ஆளுக்குப் பக்கத்திலேயே ஒருவரை உட்கார வைப்பார்கள். எல்லா வாத்தியமும் சேர்ந்து முழங்குகிற நீண்ட பக்கங்களை அவர் ஊதுவார். முதல் ஆள் உதட்டை ஆற வைத்துக்கொண்டு, தனியாக வாசிக்க வேண்டிய இடத்துக்குக் காத்திருப்பார். தனி முடிந்ததும் முதல் ஆள் மூச்சு வாங்கட்டும் என்று அடுத்த வரிகளை உதவியாள் எடுத்துக்கொள்வார். கை மாறியது கேட்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் லாயக்கில்லை. அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். அவள் விட்ட மூச்சிலேயே அவர் தொடங்குவார், அவளுக்கே சில சமயம் தெரியாது.

பிறகு அவர் நாடகத்துக்குப் போனார், டிவிக்குப் போனார். மகள் பிறந்தாள். வீட்டில் ஒருத்தராவது இருக்க வேண்டும் என்று ஆயிற்று. அந்த ஒருத்தர் யார் என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் ஒரு பேட்டியில், "நடிக்க வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்கள். ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பான ஒரு கச்சேரியில் அவள் தனியாக வாசித்த மெதுவான சோலோவைத் தானே வாசித்ததாகவும், குழுவை நடத்தியவர் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் சொல்லிவிட்டார். அரங்கம் கைதட்டியது. அன்று வீட்டுக்கு வந்து, "வாய் தவறிடுச்சு, கோவிச்சுக்காதே" என்றார். அவளும் சிரித்துத் தொலைத்தாள். வாய் தவறினது ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். அதற்கப்புறம் போகிற பேட்டியில் எல்லாம் தவறியது. ஒவ்வொன்றும் முடிந்து வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றும்போதே, "சொல்லு, நான் நிஜமாவே வாசிச்சிருந்தா எங்க சொதப்பியிருப்பேன்?" என்று கேட்பார். அவள் இடத்தைச் சொல்லுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரிப்பு வந்த பிறகு சண்டை போடுவது எப்படி?

இப்போது வண்டி வந்து நிற்கிறது.

"தர முடியாது" என்றாள் அதிகாரியிடம். "அது என்னோடது. அந்தக் கச்சேரியில வாசிச்சவளும் நான்தான்."

அதிகாரி மகளைப் பார்த்தார். மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ராத்திரி பூரா தூங்கலை சார். வாம்மா, ஒரு வாய் காப்பி குடி."

பைத்தியக்காரிக்குச் சொல்வது போல் மெதுவாகச் சொன்னாள். அதைக் கேட்ட அவளுக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம் வந்தது. கூடத்தை ஒரு தடவை சுற்றினாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். அப்போதுதான் தடியை ஊன்றியபடி நெட்டையர் உள்ளே நுழைந்தார். ஆர்க்கெஸ்ட்ராவில் மூன்றாவது ஹார்ன். கூடவே உட்கார்ந்தவர். அப்பாடா, நல்ல வேளை, சாட்சி வந்துவிட்டது என்று அவளுக்கு உயிர் வந்தது.

அவள் எட்டுவதற்குள் டிவிக்காரப் பெண் மைக்கை அவர் மூக்குக்குக் கீழே நீட்டிவிட்டாள்.

"அவன் அந்த சோலோ வாசிச்சான் பாருங்க," என்றார் நெட்டையர், கண்கள் நிரம்பி. "நான் ரெண்டு நாற்காலி தள்ளி உக்காந்திருந்தேன். இன்னிக்கு நினைச்சாலும் மயிர்க்கூச்செறியுது. எங்க தலைவரு கோலைக் கீழ வெச்சுட்டாரு."

"அண்ணே," என்றாள் அவள். "நல்லா யோசிச்சுப் பாருங்க. வாசிச்சது யாரு?"

"அவன்தாம்மா. நானே கேட்டேனே."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

நெட்டையர் தடியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஏமாற்றுகிற மனுஷரில்லை, நிஜமாகவே யோசித்தார். "நீயும் அங்கதானேம்மா இருந்தே. அவன் பக்கத்துல."

அவள் தலைமாட்டில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். குழுவை நடத்தியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது ஹார்னும் நாலாவது ஹார்னும் போய்விட்டார்கள். ரேடியோக்காரர்கள் அந்தக் கச்சேரியைப் பதிந்த நாடாவை அழித்து வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். மிச்சமிருந்த நெட்டையரும் டிவியில் கேட்டதையே தன் ஞாபகமாக வைத்திருக்கிறார். அவள் வாசித்ததைக் கேட்ட காது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஊரெல்லாம் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, 'எங்க சொதப்பியிருப்பேன்?' என்று கேட்ட ஆள். அதுவும் நேற்றோடு போயிற்று. அது போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 

"கூட்டத்தைக் கொஞ்சம் விலக்கச் சொல்லுங்க, தூக்கற நேரமாச்சு" என்று யாரோ சொன்னார்கள். அதிகாரியின் ஆள் ஹார்ன் பக்கம் குனிந்தான்.

அவள் முந்திக்கொண்டாள். ஹார்னை எடுத்து மடியில் வைத்து, வலது கையை அதன் அகன்ற வாய்க்குள் நுழைத்தாள். இடது கை விரல்கள் பொத்தான்களில் தாமாகப் போய் உட்கார்ந்தன. உதட்டை ஈரமாக்கிக்கொண்டாள்.

"அம்மா, வேண்டாம்" என்றாள் மகள்.

முதல் சுரம் உடைந்தது. ஒருத்தர் இருமினார். அவள் நிறுத்தி, மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்து, மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. ஹார்னின் வாய் எப்போதும் ஊதுகிறவருக்குப் பின்பக்கம்தான் பார்த்திருக்கும். அவள் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், சத்தம் நேராகப் பெட்டிக்குள் போயிற்று. அங்கிருந்து புரண்டுதான் மற்றவர்களுக்கு வந்தது. பழைய வலு இல்லை. மேல் சுரத்தில் இரண்டு இடம் நடுங்கியது. ஆனாலும் அவசரப்படவில்லை. காலையிலிருந்து அவள் பரபரக்காமல் இருந்தது அந்த நேரம்தான். தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள். தையல்காரி அழுதாள்.

சோலோ முடிந்தது. கடைசி மூச்சை விட்டுவிட்டு ஹார்னை மடியில் இறக்கினாள்.

"அற்புதம்மா," என்று அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயா எவ்வளவு அழகா சொல்லிக் குடுத்திருக்காரு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இதற்கு மேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இனி யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

மகள் அசையாமல் நின்றாள். "அம்மா," என்றாள். "நான் ஸ்கூல்ல இருந்து சீக்கிரம் வந்துட்டா பாத்ரூம்ல இது கேக்கும். கதவைத் தட்டினா, ரேடியோன்னு சொல்வே."

"ஆமா."

"அப்பா அப்பல்லாம் ஷூட்டிங்ல இருப்பாரு."

"ஆமா."

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, "சார், நீங்க வண்டியை அனுப்பிடுங்க. அது எங்கப்பாவோடது இல்லை" என்றாள். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அம்மாதான் சொன்னாங்களே சார்" என்றாள்.

தூக்குகிறவர்கள் நான்கு பேரும் வந்து பெட்டியின் மூலைக்கு ஒருவராக நின்றார்கள். "எடுக்கலாமாம்மா?" என்று மூத்தவர் கேட்டார்.

"இருங்க," என்றாள். "அவரு ஊதற இடம் ஓடிட்டிருக்கு."

மூத்தவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் கையை எடுத்துவிட்டு நின்றார். அறையில் சத்தமில்லை. அவள் ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, உதட்டை ஆற வைத்தாள். அவளுடைய வலது பாதம் மட்டும் தரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவருடைய வரிகள் முடிகிற இடம் வந்ததும் ஹார்னைத் தூக்கிக்கொண்டாள்.