தேய்த்து வைத்த தாள்கள்

மாலை ஐந்தரைக்குக் கணவர் வீட்டுக்கு வருவார். ஐந்தேகாலுக்கு அவள் நீல வண்ணக் குழாயைத் திறந்து, ஒரு துளி பிதுக்கி, இடது முழங்கையில் தடவிக்கொள்வாள். பகல் முழுக்கப் படத்தோடு மல்லுக்கட்டியவள் மாதிரித் தெரிய வேண்டுமே, அதற்காக. இந்த ஊருக்குக் குடிவந்த இரண்டு மாதத்தில் அவள் வண்ணத்தைத் தொட்டது அதற்கு மட்டும்தான்.

அவளைப் பொய்க்காரி என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் ஒரு நல்ல மனிதரின் மனசு நொந்துபோகும். அதற்குப் பயந்துதான் அந்த நீலம்.

அவள் ஓவியக்காரி. ஆனால் வண்ணத்தை மட்டும் நம்பி வரைகிறவள் இல்லை. பிளைவுட் பலகையில் மாவுப் பசை தடவி, முதலில் தாள்களை ஒட்டுவாள். அதன்மேல் கிழிந்த துணி, சாக்கு இழை, நூல். காய்ந்த பிறகு வண்ணம். அது காய்ந்ததும் உப்புத்தாளால் உரசி, அடியில் கிடப்பதைக் கொஞ்சம் வெளியே வரவைப்பாள். மறுபடி வண்ணம், மறுபடி உரசல். அவசரப்படுத்தினால் ஒன்றும் நடக்காது.

தாள் என்றால் கடையில் வாங்குகிற புதுத்தாள் அல்ல. யாராவது கசக்கிப் போட்ட தாள். கோபத்தில் கசக்கியது நெருக்கமாக, கூர் கூராக இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது விரலில் சுற்றிச் சுற்றிக் கசங்கிய பஸ் டிக்கெட்டில் வளைவு வளைவாகக் கோடு விழும். மகள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் வடிவியல் கணக்கு வராமல் கசக்கிய தாளில் ஒரு மூலை மட்டும் பிழிந்த துணி போல முறுக்கிக்கொண்டிருக்கும். இப்படி இருபது வருஷமாகச் சேர்த்த உருண்டைகளை ஓர் இரும்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். முன்கூட்டிப் பிரித்துப் பார்க்க மாட்டாள். ஒட்டும் நேரத்தில், பாதி பிரிந்தும் பிரியாமலும் எடுத்துப் பசையில் பதிப்பாள். மேட்டில் ஒரு நிறம் நிற்கும், பள்ளத்தில் ஒரு நிறம் தங்கும். கசக்கிய கை யாருடையது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

அவளுடைய அக்கா அவளைக் குப்பைக்காரி என்றுதான் கூப்பிடுவாள்.

கணவருக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அவர் கை பட்ட எதுவும் வரிசைக்கு வந்துவிடும். சமையலறை டப்பாக்களெல்லாம் பெயர்ச்சீட்டு முன்பக்கம் பார்த்தபடி நிற்கும். அவருக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்ததால்தான் இவளும் தன் பழைய அறையை விட்டுவிட்டு வந்தாள். இங்கே மூன்றாவது மாடி. சின்ன அறைக்கு ஒரு ஜன்னல். எதிரே பக்கத்துக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை அந்தச் சுவரில் பட்ட வெளிச்சம் அறைக்குள் வரும். குறை சொல்ல முடியாத வெளிச்சம்.

வந்த இரண்டாவது வாரம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். இவள் நான்கு நாள் துணைக்குப் போனாள். கணவர் வேலையில் சேர இன்னும் ஐந்து நாள் இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர். என் வேலைக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாளே, அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். கண்ணில் பட்டது இரும்புப் பெட்டி.

அவள் திரும்பி வந்தபோது வாசலிலேயே நிறுத்தினார்.

"கண்ண மூடு."

"என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி."

"மூடேன்."

கையைப் பிடித்துச் சின்ன அறைக்குக் கூட்டிப் போனார். கண்ணைத் திறந்தால் எதிரே பன்னிரண்டு இழுப்பறை வைத்த அலமாரி. ஒவ்வொன்றிலும் மருந்தகத்துப் பெயர்ச்சீட்டு, அவருடைய பொடி எழுத்தில். 'டிக்கெட்.' 'கணக்கு.' 'கடிதம், கோடு போட்டது.' 'கடிதம், கோடு போடாதது.' உள்ளே எல்லாத் தாளும் ஒன்றின்மேல் ஒன்றாக, வழவழவென்று.

"ஈரத்துணி விரிச்சு, இஸ்திரிப் பெட்டிய சூடு கம்மியா வெச்சுத் தேய்ச்சேன். ஒண்ணுகூட கருகல. ஒரு சுருக்கம் இருக்கா பாரு."

ஒரு சுருக்கம் இல்லை.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். அவள் வேலை செய்கிற அறைக்குள் அவர் போனதில்லை. அவர் மாத்திரை எண்ணுகிற இடத்துக்கு அவளும் போனதில்லை. முடிந்த படத்தைத்தான் பார்ப்பார். அதில் தெரிகிற மேடு பள்ளமெல்லாம் வண்ணத்தைத் தடிமனாக அப்பியதால் வந்தது என்று இருபத்திரண்டு வருஷமாக நினைத்திருந்தார்.

அவளுக்கு வாயடைத்துவிட்டது. அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். ஒருவழியாக அவள் பேச வாயெடுத்தபோது, கடைசி இழுப்பறையை இழுத்தார்.

"இத பாரு. இது உன்கிட்ட இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே."

பதினொரு தாள். பென்சில் எழுத்து. அவருடைய அப்பா எழுதியது.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனபோது கணவர் வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். பெரியவரைப் பார்த்துக்கொண்டது இவள்தான். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி இடது கையால் என்னவோ எழுதுவார், கசக்கிக் கட்டிலுக்கு அடியில் போடுவார். காலையில் பெருக்கும்போது இவள் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வாள். என்ன எழுதினார் என்று அவளும் பார்த்ததில்லை.

'தம்பி, நான் நன்றாக இருக்கிறேன்.' பதினொன்றிலும் அந்த ஒரே வரிதான்.

"எழுத்து திருந்தத் திருந்த வரிசையா வெச்சிருக்கேன்" என்றார் கணவர். "முதல் தாள்ல 'தம்பி'ங்கிறதே முழுசா வரல. கடைசித் தாள் பாரு. எனக்குப் போடறதுக்குத்தான் எழுதிப் பழகியிருக்கார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குமேல் அவள் என்ன பேசுவாள், சொல்லுங்கள்.

பேசாமல் இருந்தது முதல் வாரம் சுலபமாக இருந்தது. அப்புறம்தான் சிக்கல் வந்தது. ஒரு பழைய படத்துக்குச் சட்டம் மாற்ற எடுத்துப் போனாள். சட்டக்கடையை நடத்துகிற அம்மாள் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கடையின் நீளச் சுவரைக் காட்டினாள். மாதம் ஒருவருடைய படங்களை அங்கே மாட்டுவாளாம்.

"அடுத்த மாசத்துக்கு அடுத்த மாசம், முதல் தேதி. நாலு படம், எல்லாம் புதுசு. முடியுமா?"

"முடியும்" என்று சொல்லிவிட்டாள். இந்த ஊரில் அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்தச் சுவரில் மாட்டினால், வந்த இடத்திலும் தான் ஓவியக்காரிதான் என்று ஆகும். மாட்டாவிட்டால் இரும்புப் பெட்டியோடு அதுவும் போனது என்று அர்த்தம். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

தேய்த்த தாளை ஒட்டிப் பார்த்தாள். சுவருக்கு ஒட்டுகிற தாள் மாதிரி கிடந்தது. புதுத்தாள் வாங்கிக் கசக்கிப் பார்த்தாள். பத்துத் தாளும் ஒரே மாதிரி கசங்கின. அவளுக்கு அப்போது கோபமும் இல்லை, யாருக்காகவும் காத்திருக்கவும் இல்லை. கை சும்மா கசக்கியது. வராத அழுகையை வரவழைத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள். நாட்கள் ஓடின, கை ஓடவில்லை.

அக்காவிடம்தான் போனில் புலம்புவாள்.

"என்னடி குப்பைக்காரி, புது ஊர்க் குப்பை எப்படி இருக்கு?"

"தேய்ச்சு அடுக்கி இருக்கு."

"இன்னுமா மாப்பிள்ளைகிட்ட சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? தினமும் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த டிராயரத் திறந்து அப்பா எழுத்த ஒரு தரம் பாத்துட்டுத்தான் செருப்பு மாட்டுறார்."

"அப்ப சொல்லாத. முழங்கைல பூசிக்கிட்டே இரு. பேரன் பேத்தியெல்லாம் வந்து, பாட்டி ஏன் நீலமா இருக்கேன்னு கேக்கட்டும்."

"சிரிக்காதக்கா."

"நான் எங்கடி சிரிக்கிறேன்? சொட்டு மருந்து போட்டிருக்கேன், சிரிச்சா கண்ணுல இருந்து வழியுது."

முதல் தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, கணவர் வந்தார். கை கழுவினார். காபியை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"நாலு நாளா கவனிச்சுப் பாக்கறேன், அதே நீலம். அதே முழங்கை. அதுவும் இடது முழங்கை. நீ வலது கைக்காரி."

அவள் முழங்கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"நீ வேலை செஞ்சா நகக்கண்ல பசை இருக்கும். சோறு போடும்போது தினமும் பாத்திருக்கேன். இங்க வந்ததுல இருந்து உன் நகம் சுத்தமா இருக்கு. உடம்புக்கு ஏதாவதா? என்கிட்ட மறைக்காத."

உடம்புக்கு என்று அவர் பயந்துவிட்டதைப் பார்த்த பிறகு அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கசங்கல் எதற்கு, யார் யார் கசக்கியது, தேய்த்ததும் என்ன போயிற்று என்று ஒன்றுவிடாமல்.

கடைசியில், "எல்லாமேவா? ஒண்ணுகூட உதவாதா?" என்றார்.

"உதவாதுங்க."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அன்னைக்கு நீங்க மாமா எழுத்தக் காட்டினீங்க."

காபியில் ஆடை படிந்தது.

"தினமும் உன்கிட்ட கேட்டேன், வேலை எப்படிப் போகுதுன்னு."

"நல்லாப் போகுதுன்னு சொன்னேன்."

"ஆமா. சொன்னே."

தாளைக் கெடுத்ததைவிட அதுதான் அவருக்கு வலித்தது. எழுந்து போய்விட்டார். சாப்பிடும்போதும் உப்பைக் கேட்டதோடு சரி.

மறுநாள் அவருக்கு விடுமுறை. குளித்துவிட்டு நேராகச் சின்ன அறைக்குப் போய், 'கணக்கு' இழுப்பறையைக் கழற்றி மேசையில் வைத்து உட்கார்ந்தார். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, "தேய்ச்சாலும் கோடு இருக்கு. அந்தக் கோட்டு வழியாவே மடிச்சா பழையபடி வரணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மருந்துப் பொட்டலம் மடிக்கிற கை அல்லவா? அரை மணி நேரம் ஒரே தாளோடு பாடுபட்டார். வந்தது பொட்டலம் போலவேதான் இருந்தது. பிரித்தார், மறுபடி மடித்தார். இரண்டாவது தாளிலும் அதே கதை. ஐந்தாவது தாளில் கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கைக்குள் வைத்து அமுக்கினார், திறந்து பார்த்தார், தலையை ஆட்டினார், மறுபடி அமுக்கினார். பத்தாவது தாளுக்கு வரும்போது விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. விட்டுவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தாள். எழவில்லை. பதினொன்றாவதை எடுத்தார்.

அவள் ஈரக்கையோடு உள்ளே போனாள். மேசையில் கிடந்த ஓர் உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இறுக்கிய இடம் இருந்தது. இறுக்கிவிட்டுப் பயந்து தளர்த்திய இடமும் இருந்தது. ஒரே பள்ளத்தில் இரண்டு மூன்று கோடுகள் தடுமாறி ஓடின. செய்ததைச் சரிசெய்யவும் முடியாமல், அப்படியே விட்டுவிடவும் மனசு வராமல் தவித்த ஒரு கை அதில் இருந்தது. இருபது வருஷத்துப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

"இதப் பிரிக்காதீங்க" என்றாள்.

"பழையபடி வந்துடுச்சா?"

"வரலீங்க. அது இனிமே வராது."

"அப்புறம்?"

"இது நீங்க கசக்கினது. இது எனக்கு வேணும். இன்னும் இருந்தாக் குடுங்க."

அவர் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று முகத்தைப் பார்த்தார். அவள் அதற்குள் பலகையைத் தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் நம்பினார்.

மத்தியானத்துக்குள் நான்கு இழுப்பறை காலியாயிற்று. பிறகு அவர் கடைசி இழுப்பறைக்கு முன்னால் போய் நின்றார். திறந்தார். அவளைத் திரும்பிப் பார்த்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

அவள் வந்து அந்த இழுப்பறையை உள்ளே தள்ளினாள்.

"அது உங்களுக்கு வந்த கடுதாசி. அத வெச்சு நான் படம் பண்ணமாட்டேன்."

சட்டக்கடை அம்மாளுக்கு அன்றே போன் போட்டாள். "நாலு முடியாதுங்க. நல்லபடியா ஒண்ணு முடியும். மூச்சப் பிடிச்சா ரெண்டு."

"ரெண்டுன்னா நடுவுல இடம் விட்டு மாட்டுவோம்" என்றாள் அந்த அம்மாள். "ஜனங்க நிதானமாப் பாக்கட்டும். எல்லாரும் நெருக்கியடிச்சு மாட்டித்தான் கெடுக்கிறாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எதிர்ச்சுவர் வெளுத்தது. அவள் பசை காய்ச்சி ஆறவைத்திருந்தாள். பலகையின் நடுவில் தொடங்கி இடப்பக்கம் நகர்ந்தாள். பாதி பிரிந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பதித்து, உள்ளங்கையால் ஒற்றி, கசங்கலின் முதுகில் மட்டும் விரலை வைக்காமல் விட்டாள். இரண்டு மாதமாக மறந்திருந்த தோள் வலி பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மேல் மூலையில்தான் நின்றுவிட்டாள். அங்கே ஒட்டியிருந்தது, அவர் முதன்முதலில் அரை மணி நேரம் கோடு பார்த்து மடித்த தாள். எத்தனை கோணத்தில் பார்த்தாலும் பொட்டலமாகவே தெரிந்தது. விட்டுவிடலாமா என்று யோசித்தாள். பக்கத்து அறையில் அவர் செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"என்னங்க."

வந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"இந்த மூலை நல்லா இல்ல. விறைச்சுக்கிட்டு நிக்குது. எடுத்துடறேன்."

குனிந்து பார்த்தார். "அது நான் முதல்ல மடிச்சது."

"தெரியும்."

"அரை மணி நேரம் ஆச்சு அதுக்கு."

"அதுவும் தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். தலையைச் சாய்த்து, அந்தப் பக்கம் ஒருதரம், இந்தப் பக்கம் ஒருதரம்.

"ஆமா" என்றார். "நல்லா இல்லதான். எடுத்துடு."

பசை இன்னும் காயவில்லை. மழுங்கிய கத்தியை அடியில் கொடுத்ததும் தாள் முழுசாக எழும்பி வந்தது. அவர் கையை நீட்டினார், அவள் அதை அவர் கையில் போட்டாள். அவர் அதைக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோகிற சத்தம் கேட்டது. அவள் மூலையில் புதிதாகப் பசை தடவி, அடுத்த தாளை எடுத்தாள்.