பஞ்சு வைத்துத் தைத்த சட்டை

மனித குலம் இதுவரை சந்தித்த கேள்விகளிலேயே தலையாயது, ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, கல்லூரியின் கூட்ட அறையில், ஏழு உறுப்பினர்களையும் ஒரு தட்டு பிஸ்கட்டையும் சாட்சியாக வைத்து எடுத்துக்கொள்ளப்பட்டது. கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் உள்ளூர்ப் பெண் ஒருத்தியை, அவள் நெட்டையாக இருக்கிறாள் என்பதற்காக, சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா?

இதற்காக ஏற்கெனவே இரண்டு துணைக் குழுக்கள் போட்டு முடித்தாயிற்று. ‘உள்ளூர்’ என்றால் எதுவரை என்று ஆராய்ந்த குழு, பேருந்து நிறுத்தம் வரை என்று கண்டுபிடித்தது. ‘நெட்டை’ என்றால் எதிலிருந்து என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் ஐந்தடி ஒரு அங்குலம். அவர் கண்ணுக்கு ஊரே நெட்டை. அதனால் அந்த அறிக்கை இன்னும் தயாராகிக்கொண்டிருந்தது.

பெண்ணின் உயரம் நூற்றுத் தொண்ணூறு சென்டிமீட்டர் என்றார் பயிற்சியாளர். நூற்று எண்பத்தைந்தைத் தாண்டாது என்றார் வரலாற்றுப் பேராசிரியர். அளந்து பார்க்கலாம் என்று யாருக்கோ தோன்றியபோது, கல்லூரியில் அளக்கும் டேப்பே இல்லை என்பது தெரிந்தது. விளையாட்டுத் துறையில் இருந்த ஒரே டேப் முந்தின ஆண்டு நீளம் தாண்டும் போட்டியில் தொலைந்துபோய், அந்தப் போட்டியின் முடிவுகள் கண்மதிப்பில் அறிவிக்கப்பட்டிருந்தன.

“கேட்டுக்கு வெளிய டெய்லர் இருக்காரே. டேப்போட வரச் சொல்லுங்க” என்றார் முதல்வர்.

“அவர்தான் சார் அந்தப் பொண்ணோட அப்பா.”

“அப்ப ரொம்ப வசதியாப் போச்சு.”

டெய்லர் கழுத்தில் டேப்போடும் காதில் பென்சிலோடும் வந்து சேர்ந்தார். இருபது வருடமாக அந்தக் கல்லூரிக்குச் சீருடை தைப்பவர். அறையில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் அவர் கையால் தைத்ததைத்தான் போட்டிருந்தார்கள். வரலாற்றுப் பேராசிரியருக்கு இடது தோள் ஒன்றரை அங்குலம் இறக்கம். கோட்டுக்குள் பஞ்சு வைத்து அதை நிமிர்த்தியிருந்தார். முதல்வரின் தொப்பையைக் கட்டிங்கிலேயே காணாமல் ஆக்கியிருந்தார். ஊரில் பாதிப் பேரின் கோணல் அவருக்குத் தெரியும். ஒருத்தர் கோணல் இன்னொருத்தருக்குத் தெரியாது. அளவு நோட்டில் இருப்பது வாய்க்கு வரக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வேதம். கடை ஓடுவதே அதில்தான்.

பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு வயது, தடித்த கண்ணாடி, முழங்காலைத் தொட்டுவிடப் பார்க்கும் கைகள். பள்ளிக்கூடம் முடியும்வரை அவளுக்குப் பெயர் கொக்கு. வகுப்புப் படம் எடுக்கும்போதெல்லாம் அவளை மட்டும் உட்காரச் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஏணி இல்லாமல் கடைப் பலகையை மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பயிற்சியாளர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார். எழுந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, “பந்து பிடிப்பியாம்மா?” அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு மைதானம். கொக்கு என்று யாரும் சிரிக்காத ஒரே இடம் அது. “அங்க எல்லாரும் அண்ணாந்து பாக்கறது என்னை இல்லப்பா, கூடையை” என்பாள். இந்த இடம் கிடைத்தால் படிப்பும் ஆட்டமும் நான்கு வருடம். கிடைக்காவிட்டால் அப்பா கடையில் பொத்தான் தைக்க வேண்டியதுதான்.

“உயரம் இருந்தா ஆட்டம் வந்துடுமா?” என்றார் வரலாற்றுப் பேராசிரியர். “விளக்குக் கம்பம் கூடத்தான் உயரமா நிக்குது. சேர்த்துக்கலாமா?”

“போன வருஷம் அஞ்சு விளக்குக் கம்பத்தை வெச்சுத்தானே சார் ஆடினோம்” என்றார் பயிற்சியாளர். “அதுவும் குட்டைக் கம்பம். எரியவும் இல்ல.”

“உள்ளூர் மாடு விலைபோகாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க” என்று தொடங்கினார் முதல்வர். “அதே சமயம்...” அவருடைய எல்லா வாக்கியங்களும் ‘அதே சமயம்’ வரை வந்து அங்கேயே இளைப்பாறும்.

டெய்லர் நாற்காலி மேல் ஏறினார். மகளின் தோள்வரைதான் அவர் உயரம்.

“ஐயா, அவர் அளக்கறதை நம்பறதா?” என்றார் வரலாறு. “காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அஞ்சு சென்டிமீட்டர் கூடத்தான் வரும்.”

“சார், இருபது வருஷமா உங்களுக்கு அளவு எடுக்கறேன். ஒரு நாளாவது கூடக் குறைய வந்திருக்கா?” என்றார் டெய்லர். பேராசிரியரின் கை தானாக இடது தோளுக்குப் போனது. 

உயரம், நூற்றுத் தொண்ணூறு.

“கை! கையை விரிக்கச் சொல்லுங்க!” பயிற்சியாளர் எழுந்தே விட்டார். பெண் இரண்டு கைகளையும் சிலுவை மாதிரி விரித்தாள். இரண்டு மீட்டர் டேப்பும் போதவில்லை. டெய்லர் சுவரில் பென்சிலால் குறித்து இரண்டு தடவையாக அளந்தார். இருநூற்றிரண்டு.

“ரெண்டு மீட்டருக்கு மேல! பறவை சார் இது, பறவை!” அறை கைதட்டியது. பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. பெண் தலையைக் குனிந்து சிரித்தாள். நெட்டையாக இருந்ததற்காக அவளுக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. மேசைக் கோடியில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட். வீராங்கனைகளின் மூட்டையும் தசையையும் பார்க்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. புதியவள் என்பதால் எழுதும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. இருநூற்றிரண்டு என்று எழுதியவள் பேனாவை வைத்துவிட்டாள்.

“அண்ணா, இவங்க அம்மாவும் உயரமா?”

“ஆமாங்க. என்னைவிட ஒரு சாண்.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“இல்லைங்க. பாப்பாவுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது... கடையில நின்னுக்கிட்டிருந்தா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. எந்திரிக்கலை.”

முதல்வர் இரங்கல் உரைக்குத் தொண்டையைக் கனைத்தார். பிசியோதெரபிஸ்ட் விடவில்லை.

“முன்னாடி நான் வேலை பாத்த இடத்துல ஒரு பொண்ணு சார். இதே மாதிரி உயரத்தைவிடக் கை நீளம், கண்ணாடி. நெஞ்செலும்பு மட்டும் உள்ளே குழிஞ்சிருக்கும். நாங்களும் இப்படித்தான் கைதட்டினோம். ஆட்டத்துக்கு நடுவுல விழுந்துட்டா. இருதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய குழாய் கிழிஞ்சிடுச்சுன்னாங்க. பிறவியிலேயே வர்றதாம், குடும்பத்துல இருக்குமாம்.”

“அடப் போம்மா” என்றார் பயிற்சியாளர். “இவ நெஞ்சைப் பாரு, பலகை மாதிரி இருக்கு. எங்க இருக்கு குழி?”

எல்லோரும் சட்டையைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை. தோளிலிருந்து இடுப்புவரை ஒரு சுருக்கம் இல்லை, ஒரு பள்ளம் இல்லை.

“டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இருக்கே” என்றார் முதல்வர். கல்லூரி மருத்துவர், நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, நீட்டுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுபவர். “அப்புறம் என்ன? வேற ஆட்சேபம் இல்லைன்னா ஒருமனதா நிறைவேத்திடலாம்.”

பிசியோ மறுபடி பேனாவை எடுத்தாள். குழி இல்லையென்றால் அவளுக்கும் மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லை.

பெண் அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம்ப்பா என்று அந்தப் பார்வை சொன்னது. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதவளிடம், “இதுக்கா அழறே? அப்பா எதுக்கு இருக்கேன்? தையல்ல மறைச்சிடலாம்” என்று அவர்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் போட்ட ஒவ்வொரு சட்டையிலும் உள்துணிக்கு அடியில் பிறை வடிவத்தில் ஒரு பஞ்சுத் திண்டு. வருடா வருடம் குழி ஆழமானது, திண்டும் தடித்தது. போன மாதம் நோட்டில் எழுதிய அளவு, நான்கு விரல் கனம்.

அந்தத் திண்டை அவர் மகளுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. கடை திறந்த புதிதில் ஒரு நெட்டைப் பெண் தயங்கித் தயங்கி வந்து, அளவெடுக்கும்போது கையால் நெஞ்சை மூடிக்கொண்டு நின்றாள். “தையல்ல மறைச்சிடலாங்க. யாருக்கும் தெரியாது” என்று அப்போதும் இதையேதான் சொன்னார். அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் அவள் சிரித்த சிரிப்பில்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. பதின்மூன்று வருடம் அவளுக்குத் தைத்தார். யாருக்கும் தெரியவில்லை. எந்த மருத்துவருக்கும் தெரியவில்லை. அவளைக் கிடத்தியபோதுகூட, அவர் தைத்த சட்டையில், நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

‘தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது’ என்று பிசியோ எழுதத் தொடங்கினாள். பெண்ணின் முகத்தில் சிரிப்பு பாதி வந்திருந்தது.

“குழி இருக்குங்க” என்றார் டெய்லர்.

யாருக்கும் விளங்கவில்லை.

“பாப்பா நெஞ்சுல. நாலு விரல் கனம் போகும். உள்ளே பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கேன். அவ அம்மாவுக்கும் இருந்துச்சு. அவளுக்கும் நான்தான் தெச்சேன்.”

அறையில் இருந்த பெரிய மனிதர்கள் அனைவரும் தத்தம் சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பெண் மட்டும், நீளக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாத மாதிரி, இரண்டையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து, வாசல்நிலை இடிக்காமல், வெளியே போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இருதயத்தின் பெரிய குழாய் வீங்கியிருந்தது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வருடம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் அறுவை செய்துகொண்டால் கிழவியாகும்வரை இருப்பாள் என்றார் மருத்துவர். “நல்ல வேளை, ஆடறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சீங்க. யாரு கண்டுபிடிச்சது?”

பெண் ஆறு நாள் பேசவில்லை. ஏழாம் நாள் காலையில் அவர் கடை திறந்தபோது, தையல் பிரிக்கும் கத்தி மிஷின் மேல் கிடந்தது. பக்கத்தில் வரிசையாகப் பஞ்சுத் திண்டுகள், எல்லாச் சட்டையிலிருந்தும் பிரித்து எடுத்தவை. பன்னிரண்டு வயதுடையது பிஸ்கட் அளவு. கடைசியில் இருந்தது உள்ளங்கை அளவு. பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். பஞ்சில்லாத சட்டை நெஞ்சில் தொய்ந்து உள்ளே விழுந்திருந்தது.

“ஆட்டம் போச்சு. போகட்டும்ப்பா” என்றாள். “உயிரு இருக்கு, அதுவும் சரி. ஆனா ஏழு பேர் முன்னாடி சொல்லணுமா? என்னைத் தனியாக் கூப்பிட்டு, பாப்பா, இப்படி இருக்கு, வேண்டாம்டான்னு சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே.”

சொல்லியிருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். தெரியாமலும் இருந்தது. “அந்த நேரத்துல தோணலை கண்ணு.”

“யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“உங்கம்மாகிட்டயும் அதான் சொன்னேன்” என்றார். அவர் கொஞ்சம் மட்டமான டெய்லராக இருந்திருந்தால், ஒரு சட்டையாவது சரியாக உட்காராமல் போயிருந்தால், யாராவது பார்த்துக் கேட்டிருப்பார்கள். ஊரே மெச்சிய கை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் திண்டுகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பொத்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நெருங்கி உட்காரவில்லை.

கல்லூரி தீர்மானத்தைத் திருத்தியது. ‘உள்ளூர்’ துணைக் குழு தன் எல்லையைப் பேருந்து நிறுத்தத்துக்கு இந்தப் பக்கமாகச் சுருக்கிக்கொண்டது. அவள் வீடு அந்தப் பக்கம். ஆகையால் அவள் நிராகரிக்கப்படவில்லை, தகுதிக்குள் வரவே இல்லை என்று குறிப்பு எழுதினார்கள். டெய்லருக்கு இரண்டு மாதம் வாடிக்கை குறைந்தது. வரலாற்றுப் பேராசிரியர் கோட்டை வேறு கடைக்குக் கொண்டுபோனார். தோள் மறுபடி இறங்கியது.

ஆட்டப் பருவம் முடிந்து பயிற்சியாளர் ஒரு பேன்ட்டோடு கடைக்கு வந்தார். பெண் தலை தூக்காமல் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தும் பார்க்காமலும் டெய்லர் பக்கம் குனிந்தார்.

“பதினொரு ஆட்டம் டெய்லரே. பதினொண்ணும் அவுட். மனசை விட்டுடாதீங்க. பாப்பா இருந்திருந்தாலும் தோத்துதான் இருப்போம். பந்தை அவ கைக்குப் போட ஆள் வேணுமே, நம்மகிட்ட எங்க இருக்கு?”

ஊசி ஒரு கணம் நின்றது.

பேன்ட் இடுப்பில் இரண்டு அங்குலம் விரிக்க வேண்டியிருந்தது.